அடுப்புப் புகையில் நிலைத்த வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானின் கிஃபு மாகாணத்தில், குளிர்காலத்தில் ஆளுயரத்துக்குப் பனி குவியும் மலைகளுக்கிடையே, ஷிரகவா என்னும் ஊரின் ஓகிமாச்சிச் சிற்றூர் உள்ளது. கும்பிடும் கைகளைப் போல் ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் கூடும் அங்குள்ள மரவீடுகளின் புற்கூரைகளைப் படங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே தூண்களையும் உத்திரங்களையும் தச்சர்கள் நிறுத்த, மேலே கூரைச் சட்டத்தை ஆணியின்றி, வைக்கோற் கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் ஊராரே பிணைத்துக் கட்டினார்கள்.

அந்த உயரம் அழகுக்காக எழுப்பப்பட்டதன்று. வயல் குறைந்த அப்பள்ளத்தாக்கில் வீடே தொழிற்கூடமாக இருந்தது. கூரைக்குள் அடுக்கடுக்காக அமைந்த பரண்களில், முகப்புச் சாளரங்கள் தந்த வெளிச்சத்திலும் கீழிருந்து ஏறிய அடுப்பின் வெதுவெதுப்பிலும் பட்டுப்புழுக்கள் வளர்ந்தன. தரைக்கு அடியிலோ வெடிமருந்துக்கு மூலப்பொருளான வெடியுப்பு உருவாயிற்று. அடுப்பைச் சுற்றித் தோண்டிய குழியில் மண்ணையும் காட்டுப்புல்லையும் பட்டுப்புழுக்களின் எச்சத்தையும் அடுக்கிச் சில ஆண்டுகள் மட்கவிட்டு, பின்னர் அம்மண்ணை நீரில் ஊறவைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி உப்பை எடுத்தார்கள். பரணின் கழிவு நிலத்தடித் தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான வெளிநாட்டு வெடியுப்பு வந்ததும் அத்தொழில் ஒழிந்தது; அடுத்த நூற்றாண்டில் பட்டும் நின்றது. வீடுகள் பல இடிக்கப்பட்டன. சில விலைபோய் வேற்றூர்களுக்குப் பெயர்ந்தன. 1971இல் ஓகிமாச்சி மக்கள் கூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என உறுதி பூண்டார்கள். 1976இல் நாட்டின் பாதுகாப்பும், 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சிறப்பும் கிட்டியது அதன் பின்னரே.

இன்று அவற்றுள் சில தங்கும் விடுதிகள், சில கடைகள், சில காட்சியகங்கள். விடுதியாவது பழைமைக்கு இழுக்கு என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுப்புப் புகைதான் கூரைப் புல்லையும் கயிற்றையும் உலர்த்தி, பூச்சி அரிக்காமல் காத்தது. தீ மூட்டாத வீட்டில் ஈரம் தங்கிக் கூரை விரைவில் இற்றுப்போகிறது. ஆகவே விருந்தினரை அடுப்பைச் சுற்றி அமர்த்தி உணவளிக்கும் குடும்பம், பூட்டிக் காக்கும் அலுவலரைவிட அந்த வீட்டுக்கு நல்ல காவல். கூரையின் ஒரு பக்கத்தை ஊரே திரண்டு ஒரே நாளில் வேய்ந்து முடித்த வழக்கம் தளர்ந்து, அவ்வேலை பெரும்பாலும் கூலிக்கு வேய்வோரிடம் சென்றுவிட்ட இக்காலத்தில், அக்கூலியின் ஒரு பங்கையேனும் அந்த விருந்தினரின் பணம் ஈடுசெய்கிறது.