டீ மாஸ்டர் போட்ட கையெழுத்து

(மகளிர் தினத்தையொட்டி எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன். எதையும் வெட்டவில்லை.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு நூலக அட்டை போட்டுக் கொடுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அபராதம் கேட்காத நூலகர் தம்பி அவர்களே, பந்தலும் நாற்காலியும் இலவசமாகத் தந்துவிட்டுக் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, என்னோடு வேலை பார்த்த சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை துண்டுக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம். வீட்டில் துண்டு நிறைய இருக்கிறது.

நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘கருக்கலைப்பும் பெண்ணின் விருப்பமும்’. மூன்று விஷயம் பேசலாம் என்று எழுதி வந்திருக்கிறேன். நம் சட்டம், வெளிநாட்டு அனுபவம், அப்புறம் இந்தச் சீமையில் தவிர்க்க முடியாத பெண் சிசு விஷயம். அரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.

எங்கள் அம்மாச்சி அடிக்கடி சொல்லும்: “எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?” காக்கை மாட்டின் முதுகில் உட்காரும், புண்ணைக் கொத்தும், பறந்து போகும். சுமப்பது மாடு. கருக்கலைப்பு பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வருகிறது. நானும் பல வருடம் காக்கையாக இருந்தவள்தான், அதையும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1860இன் தண்டனைச் சட்டப்படி கருவைக் கலைப்பது குற்றம், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும் விதிவிலக்கு. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. அந்தப் பிரிவு இன்றும் போகவில்லை, புதிய தண்டனைச் சட்டத்தில் 88 என்று நம்பர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கருக்கலைப்பை எப்போது அனுமதிக்கலாம் என்று பார்க்க 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 1971இல் அதற்கான சட்டம் வந்தது. நாங்கள் எம்.டி.பி. (மெடிக்கல் டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்சி) என்று சொல்வோமே, அது. 2021இல் திருத்தினார்கள். இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்பமாக இருக்கும்போதே விதவையானவர் அல்லது விவாகரத்தானவர் என்று சிலருக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர். அதற்கு மேல் என்றால், தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நேரம் தவிர, கருவில் பெரிய குறை இருக்கிறது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் கருத்தடை பலிக்கவில்லை என்ற காரணம் ‘மணமான பெண்ணுக்கும் கணவருக்கும்’ மட்டும் என்றிருந்தது, அதை ‘பெண்ணும் அவளுடைய துணையும்’ என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணையும் இந்த 24 வார வரம்பிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் இதில் எங்கேயும் ‘இது பெண்ணின் உரிமை’ என்று எழுதியிருக்காது. டாக்டர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வந்தால் டாக்டர் மீது வழக்கு வராது. சட்டம் சொல்வது அதைத்தான். 2023 அக்டோபரில் இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தவர், உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 26 வாரம். இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்று பேர் கொண்ட அமர்வு முடியாது என்றது. ஜனத்தொகையைக் குறைக்க வேண்டும் என்ற காலத்தில் வந்தது அந்த 1971 சட்டம். அதற்கு நாற்பது வருடம் முன்னாலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது, மற்றவர்கள் நாட்டின் தரித்திரத்தையும் உடல்நலத்தையும் காரணம் சொல்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காகச் சொல்கிறேன் என்று பிரித்துக் காட்டினார். அந்தக் காரணம் சட்டத்துக்குள் இன்னும் ஏறவில்லை.

சட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெண் தனியாக நிற்கிறாள், சம்மதம் கொடுக்கும் இடத்தில். 18 வயது நிறைந்திருந்தால் அவள் கையெழுத்து மட்டும் போதும். சிறுமிக்கும் மனநலம் குன்றியவருக்கும்தான் பாதுகாவலர். 1971இலிருந்தே இப்படித்தான். இதை எனக்குப் பயிற்சியில் சொன்னார்களா என்றால், சொல்லியிருக்கலாம். நான் கேட்ட ஞாபகம் இல்லை.

1997இல் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். என் சப்சென்டரில் ஒரு பெண். மூன்று பிள்ளை. கணவர் நாக்பூரில் முறுக்குக் கம்பெனியில் வேலை. நம்ம பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கேதானே இருப்பார்கள். அச்சு மாதிரி கையெழுத்து அந்தப் பொண்ணுக்கு, தெருச் சீட்டுக் கணக்கு முழுக்க அதுதான் எழுதும். ஒருநாள் வந்து, “நர்சம்மா, நாள் தள்ளிப்போச்சு, எனக்கு இது வேணாம்” என்றது. ஒன்பது வாரம் இருக்கும். நான் என்ன சொன்னேன்? “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா.” சட்டம் பார்த்துச் சொல்லவில்லை. எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

அந்தப் பொண்ணு எஸ்.டி.டி. பூத்தில் போய் நிற்கிறது. முறுக்குக் கம்பெனியில் போனை எடுத்தவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். மீட்டர் ஓடுகிறது. இரண்டாம் தடவை போட்டால் ஒரு தமிழ் ஆள் எடுத்து, “அவரு சரக்கு எடுத்துக்கிட்டு வார்தா போயிருக்காரு, நாலு நாள் ஆகும்” என்கிறார். நாலு நாள் கழித்துக் கணவர் கிடைத்தார். “நீயே பார்த்துக்க, தீபாவளி சீசன், முதலாளி விட மாட்டாரு” என்றார். கெட்டவர் இல்லை. இன்லேண்ட் லெட்டரில் சம்மதம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அது வந்து சேர ஒன்பது நாள். ஆஸ்பத்திரி கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்தால், “இது செல்லாதும்மா, ஆள் நேரில் வரணும்” என்று திருப்பித் தள்ளிவிட்டார்கள்.

பதினொன்று வாரம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை. அங்கே அழுதுகொண்டு நின்றதைப் பார்த்து, பன் விற்கிற கிழவி சொல்லியிருக்கிறது: “ஏ புள்ள, மாஸ்டர்கிட்ட கேளு, இருபது ரூவா கொடுத்தா வருவான்.” டீ மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கவுண்டர் பக்கத்தில் நிற்கிறேன், என் இரண்டு கண்ணால் பார்த்தது. கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்ப்பா, போன செவ்வாக்கிழமை வந்த பொம்பளைக்கும் நீதானே புருஷன்?”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்.”

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன், கிளார்க்கும் சிரித்தார். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. கிளார்க் சிரித்து முடித்துவிட்டு ஃபாரத்தைத் தள்ளினார். மாஸ்டருக்குக் கணவர் பெயர் எழுத வரவில்லை. பழக்கத்தில் தன் பெயரில் ஒரு எழுத்தைப் போட்டு அடித்துவிட்டார். அந்தப் பொண்ணு பேனாவை வாங்கி, இடது உள்ளங்கையில் புருஷன் பெயரை எழுதியது. கையை விரித்து அவர் முன்னால் நீட்டியது. அவர் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

ஃபாரம் செல்லுபடியானது. அவள் எழுத்து அவள் உள்ளங்கையில் இருந்தால் செல்லாது, அதையே இருபது ரூபாய்க்கு வந்த ஆள் பார்த்து எழுதினால் செல்லும். எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா? கல்யாணமாகாத அந்த டீ மாஸ்டரைக்கூட நான் காக்கை என்று சொல்ல மாட்டேன். அவராவது அடுப்பை விட்டுவிட்டு வந்தார். ‘கூட்டிட்டு வா’ என்று சொன்ன நான்தான் காக்கை.

எங்களுக்கு அதற்கு முந்தின வருடம் வரைக்கும் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன்) டார்கெட் வேறு. 1996இல்தான் டார்கெட்டை எடுத்தார்கள், பழக்கம் போகவில்லை. ‘கலைக்கணுமா, கூடவே ஆப்பரேஷனும் பண்ணிக்க’ என்று பேரம் பேசினது எங்கள் வாய்தான். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

வெளிநாட்டுக்கு வருகிறேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். கர்நாடகத்துக்காரப் பெண் சவிதா ஹலப்பனவர், பல் மருத்துவர், அயர்லாந்தில் கால்வே நகரில் இருந்தார். 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பம், தங்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று காத்திருந்தார்கள். ரத்தத்தில் கிருமி ஏறி 28ஆம் தேதி இறந்துபோனார். வயது 31. கருவின் உயிரும் தாயின் உயிரும் சமம் என்று 1983இல் அந்த நாட்டு அரசியல் சாசனத்தில் சேர்த்த வரிதான் டாக்டர்களின் கையைக் கட்டிப்போட்டது. 2018 மே 25 அன்று அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு அந்த வரியை எடுத்தார்கள், நூற்றுக்கு 66 பேர். ஓட்டுக்கு முன்னால் டப்ளின் நகரத்துச் சுவரில் சவிதாவின் படத்தை வரைந்திருந்தார்கள். அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1973இல் கொடுத்த உரிமையை 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே திரும்ப வாங்கிக்கொண்டது. அங்கே பேசுகிற எவருக்கும்... சரி, எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது சீட்டு இது.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை. ‘பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும் என்றால் பெண் கருவைக் கலைத்துவிடுவார்களே’ என்று கேட்பார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த மாநிலம் இது, அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. குற்றம் ஸ்கேன் பார்த்துச் சொல்கிற இடத்தில் நடக்கிறது, அங்கே போய்ப் பிடியுங்கள். அதோடு, பெண் வேண்டாம் என்று கலைக்கச் சொல்லிக் கூட்டிவந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் கணவரும் மாமியாரும்தான். அந்தக் கணவரின் கையெழுத்தைக் கேட்டு வாங்கி வைப்பதா பாதுகாப்பு?

எனக்கு வேண்டியது ஒரு போர்டு. மூன்றடிக்கு இரண்டடி, நீலத்தில் வெள்ளை எழுத்து. ‘கருக்கலைப்புக்கு 18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். கணவர், பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. பெயரை வெளியே சொல்வது குற்றம்.’ இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஓ.பி. சீட்டு எழுதுகிற ஜன்னலுக்கு மேலே மாட்ட வேண்டும். டாக்டர் ரூமுக்குள் மாட்டினால் பிரயோஜனம் இல்லை, அதுவரைக்கும் போக விட்டால்தானே. குடும்பத்தாரின் சம்மதம் கேட்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்று அந்த 2022 தீர்ப்பிலேயே சொல்லியாயிற்று. ஆகவே புதுச் சட்டம் கேட்கவில்லை, போர்டுதான் கேட்கிறோம். நகர்மன்றத் தலைவர் அம்மா இங்கே இருக்கிறார்கள். முதல் போர்டுக்குப் பெயிண்ட் செலவு என்னுடையது, ஆணி அடிக்க மட்டும் அனுமதி வாங்கித் தாருங்கள் அம்மா.

வெளியே டீ வைத்திருக்கும் மேஜையில் மனு இருக்கிறது, ஆட்சியருக்கு ஒன்று, மருத்துவத் துறை இணை இயக்குநருக்கு ஒன்று. ஆண்களும் போடலாம், அவரவர் பெயரில். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், இழுக்காதீர்கள். வணக்கம்.