கடைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்?

[காட்சி: தி.நகர், உஸ்மான் சாலை, சனிக்கிழமை மாலைக் கூட்டம்]

இங்கே கடை வைத்திருப்பவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டால் அன்றைய கல்லாவைச் சொல்வார். உள்ளே வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கணக்கைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பில்களின் எண்ணிக்கையை, வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 400 பேர் வந்து 120 பில் போட்டால் 30 சதவீதம். கன்வர்ஷன் ரேட் என்பது இதுதான்.

[காட்சி: கடை வாசல், சென்சார்]

வந்தவர்களைச் சரியாக எண்ணுவதில்தான் சிக்கல். வாசலில் வைக்கும் சாதாரண இன்ஃப்ராரெட் சென்சார், கதிர் தடைபடுவதை மட்டும் எண்ணும். இருவர் சேர்ந்து நுழைந்தால் ஒருவர் என்றே கணக்கு வைக்கும். டீக்குப் போய் வரும் ஊழியரையும் சேர்த்துவிடும். மேலிருந்து பார்க்கும் கேமரா இதைவிடத் துல்லியமானது.

அப்புறம், நம் ஊர்க் குடும்பங்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க எட்டுப் பேர் வருவார்கள், பில் ஒன்றுதான். தலையை எண்ணினால் 12.5 சதவீதம். ஆனால் அந்தக் கடை ஒருவரையும் இழக்கவில்லையே! அதனால் துணிக்கடையில் ஆளை அல்ல, குடும்பத்தை எண்ணுங்கள். சின்னக் கடை என்றால் குடும்பத்துக்கு ஒரு கோடு என்று செக்யூரிட்டி நோட்டில் போட்டாலே போதும்.

[காட்சி: மணிவாரியான அட்டவணை]

இனி மணிவாரியாகப் பிரியுங்கள். ஒரு கடையில் காலை 11 முதல் 12 வரை 20 குடும்பம், 9 பில் என்று வைத்துக்கொள்வோம்: 45 சதவீதம். மாலை 6 முதல் 8 வரை 150 குடும்பம், 30 பில்: வெறும் 20. “சாயங்காலம் சும்மா பார்க்கத்தான் வருவாங்க” என்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அந்த நேரத்தில் தளத்தில் நின்று பாருங்கள். ஒரே பெண் மூன்று குடும்பங்களுக்குப் புடவை விரித்துக்கொண்டிருப்பார். ட்ரையல் ரூம் வாசலில் வரிசை. பில்லிங்கில் அதைவிட நீண்ட வரிசை. கையில் எடுத்த துணியை வைத்துவிட்டுப் போகிறவர்களை அங்கேதான் பார்க்கலாம்.

அந்தப் பெண் காலையிலிருந்து நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பகலில் உட்காரவிடுங்கள், ஆறு மணிக்கு முன்பே டீ இடைவேளையை முடித்துவிடுங்கள், மாலைக்கு இன்னொரு பில்லிங் கவுண்டரைத் திறங்கள். கேட்ட சைஸ், கேட்ட நிறம் இல்லாமல் திரும்பியவர்களை ஒரு நோட்டில் குறித்து வந்தால், அடுத்த கொள்முதலுக்கு அதுவே கைகொடுக்கும்.

முதலில் சொன்ன 30 சதவீதம் 33 ஆனால் 12 பில் கூடும். சராசரி பில் 1,500 ரூபாய் என்றால், நாளுக்கு 18,000 ரூபாய். விளம்பரச் செலவு இல்லை, வாடகையும் ஏறவில்லை.

தள்ளுபடி போட்டும் சதவீதத்தை ஏற்றலாம்தான். அப்போது சராசரி பில்லையும் லாபத்தையும் சேர்த்தே பாருங்கள். சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடு ஒப்பிடுங்கள். ஆடித் தள்ளுபடி வாரத்தை, போன வருட ஆடி வாரத்தோடு.