அர்குன் கானின் கடிதமும் ஒரு வரலாற்று வகுப்பும்

வரலாற்று ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய இல்கான் மரபு என்றதும் 1258இல் பாக்தாத் வீழ்ந்ததையும், 1260இல் அய்ன் ஜாலூத்தில் எகிப்தின் மம்லூக்குகளிடம் மங்கோலியர் தோற்றதையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஓர் அரசு எப்படி முடிவெடுக்கிறது என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. அதை அறிய அந்த மரபின் வெளியுறவே நல்ல பாடம். அதற்கு ஒரே ஒரு கடிதம் போதும்.

1289இல் அந்த மரபின் அரசர் அர்குன் கான் பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப்புக்கு எழுதியது அது. மங்கோலிய மொழி, உய்குர் எழுத்து, சிவப்பு முத்திரை. பாரிஸில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. சாரம் இதுதான்: புலி ஆண்டில் குளிர்காலத்தின் கடைசி மாதம் புறப்படுவோம், வசந்தத்தின் முதல் மாதம் 15ஆம் நாள் டமாஸ்கஸில் பாளையம் இறங்குவோம், சொன்னபடி நீங்களும் படை அனுப்பினால், மம்லூக்குகளிடமிருந்து எருசலேமைப் பிடித்து உங்களிடம் ஒப்படைப்போம்.

முதலில் நாள்கணக்கை மாணவர்களே போடட்டும். பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் மங்கோலிய ஆண்டுக்கணக்கில் புலி ஆண்டு 1290இன் தொடக்கத்தில் பிறக்கிறது, ஆனால் ஜனவரி 1இல் அல்ல. அதன் கடைசி மாதம் 1291 ஜனவரியை ஒட்டி வரும். ஆகவே டமாஸ்கஸில் சந்திப்பு 1291 பிப்ரவரியில். ஆண்டுப் பிறப்பை ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்பவர்கள் இங்கே ஓர் ஆண்டு பிசகுவார்கள்.

அடுத்து, குளிர்காலத்தில் ஏன் புறப்பட வேண்டும் என்று கேளுங்கள். விடை புல்லில் இருக்கிறது. மங்கோலிய வீரன் ஒருவனுக்கே பல குதிரைகள். சிரியாவில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் மேய்ச்சல் காய்ந்துவிடும். இல்கான் மரபைத் தொடங்கிய ஹுலாகு 1260இல் சிரியாவிலிருந்து பெரும்படையோடு திரும்பியதற்கும் தீவனப் பஞ்சம் ஒரு காரணம். அப்போதைய பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு 1262இல் அனுப்பிய கடிதத்தில் அவரே அதைக் குறிப்பிட்டார்.

எல்லாவற்றையும் மதத்தால் விளக்கிவிடுவதுதான் வகுப்பில் அதிகம் நடக்கும் தவறு. வோல்காக் கரையை ஆண்ட பெர்க்கே ஹுலாகுவின் பெரியப்பா மகன், முஸ்லிம். மம்லூக்குகளோடு கைகோத்து ஹுலாகுவை எதிர்த்தார். மதம் சரிதானே என்பார்கள் மாணவர்கள். காக்கசஸ், அஜர்பைஜான் மேய்ச்சல் நிலங்களுக்கும் இருவரும் உரிமை கோரியதை அப்போது வரைபடத்தில் காட்டுங்கள். 1295இல் இல்கான் கஸான் இஸ்லாத்தைத் தழுவினார். 1299இல் அவரும் மம்லூக்குகளின் சிரியாமீது படையெடுத்தார்.

கடைசியாக, பிலிப்பின் இடத்திலிருந்து பதில் எழுதச் சொல்லுங்கள். சிலுவைப் போர்க் கிறிஸ்தவர்கள் வைத்திருந்த கடற்கரை நகரங்களில் திரிப்போலி 1289 ஏப்ரலில் மம்லூக்குகளிடம் வீழ்ந்துவிட்டது, ஏக்கர் (Acre) நகரம் மிஞ்சியிருக்கிறது, தூதன் போய்வர மாதங்கள் ஆகும்: இவ்வளவுதான் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் படை வரவில்லை, 1291 மார்ச்சில் அர்குன் இறந்தார், மே மாதம் ஏக்கர் நகரமும் போனது என்பதையெல்லாம் தாள்களை வாங்கிய பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால், எல்லோரும் படை அனுப்ப மறுத்தே எழுதுவார்கள்.