ராக்கெட் மாறாது, பீடம் ஊருக்கு ஊர் மாறும்

[திரையில்: ராக்கெட் வடிவ விருது, அருகில் நிற்கும் அல்ட்ராமேன்]

இது ஹியூகோ விருது. அறிவியல் புனைகதை ரசிகர்களின் உலக மாநாடான வேர்ல்ட்கானில் தரப்படுவது. ராக்கெட்டின் வடிவம் பல ஆண்டுகளாக மாறவில்லை. அடியிலுள்ள பீடத்தை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வடிவமைக்கிறார்கள். 2007-ல் மாநாடு முதல்முறையாக ஆசியாவுக்கு, ஜப்பானின் யோகோஹாமாவுக்கு வந்தபோது ராக்கெட்டின் பக்கத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகன் அல்ட்ராமேன் வந்து நின்றார். ஜப்பானிய ரசிகர்களின் செய்யுன் விருதும் அதே மாநாட்டில் வழங்கப்பட்டது.

[திரையில்: உலக வரைபடம், நியூயார்க், லண்டன், ஹைடல்பெர்க், மெல்போர்ன்]

1939-ல் நியூயார்க்கில் தொடங்கிய மாநாடு, 1957-ல் லண்டனுக்குப் போனது. 1970-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க், 1975-ல் மெல்போர்ன். பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் ஊர், அந்த ஊருக்கென்று ஒரு தன்னார்வலர் குழு. அப்படியானால் எதைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும், எதை அந்த ஊர்க்காரர்களிடம் விட்டுவிடலாம்?

மாநாட்டின் விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். கட்டாயம் என்று இருப்பவை கொஞ்சம்தான்: விருதுகளை நிர்வகிப்பது, அடுத்த ஊரை உறுப்பினர் வாக்கால் தேர்ந்தெடுப்பது, விதிகளைத் திருத்தும் பொதுக்கூட்டத்தை நடத்துவது. மாறுவேடப் போட்டி, கலைக் கண்காட்சி, எந்த மாதம், என்ன மொழி... இதெல்லாம் பெரும்பாலும் பழக்கம். ஆனால் பல மாநாடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் பழக்கமும் விதியும் ஒன்றாகவே தெரியும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தேதியையே பாருங்கள். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. அதை ஒட்டிய வாரக்கடைசியில் மாநாடு வைப்பது நீண்ட நாள் வழக்கம். வேறு நாட்டில் அந்தத் திங்கள் சாதாரண வேலை நாளாக இருக்கலாம். உள்ளூர் ரசிகருக்கு லீவு கிடைக்காத நாளில் வைத்துவிட்டு, அவர் வரவில்லையே என்று வருந்துவது நியாயமில்லை. 2017-ல் ஹெல்சின்கியும் 2019-ல் டப்ளினும் ஆகஸ்டில் நடத்தின. சரியான முடிவு.

மொழியும் அப்படித்தான். உள்ளூர் மொழி அமர்வுகளை ஓரத்து அறைக்குத் தள்ளிவிட்டால், அந்த ஊர் ரசிகர் சொந்த ஊரிலேயே விருந்தாளியாகிவிடுவார். பெரிய அரங்கில் அவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களுக்கான செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும். கடைசியில் சேர்த்தால் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

[திரையில்: வாக்குச்சீட்டு]

விருதுக்கு உறுப்பினர்கள் போடும் வாக்குகளை எண்ணுவது வேறு விஷயம். அங்கே எந்த ஊரின் தேவைக்காகவும் வளையக் கூடாது. 2023-ல் சீனாவின் செங்டு மாநாட்டின் ஹியூகோ தேர்வில் சில படைப்புகள் காரணம் சொல்லப்படாமலேயே தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. 2024 ஜனவரியில் வாக்குப் புள்ளிவிவரம் வெளிவந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. எழுத்தாளர்களுக்கு மட்டும் நேர்ந்த அநீதி அல்ல அது. தங்கள் ஊருக்கு உலகத்தை ஆசையோடு அழைத்த சீன ரசிகர்களின் உழைப்பும் அந்த நிழலில் மறைந்துபோனது.

2024 மாநாட்டை நடத்திய ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ குழு 377 வாக்குகளைச் செல்லாதவை என நீக்கியது. ஏன் நீக்கினோம் என்பதை, விருது விழாவுக்கு முன்பே வெளிப்படையாக அறிவித்தது.