பீர் மெஷின் இன்னும் ஏன் வரல?

வணக்கம் மக்களே. என்னைப் பார்க்குறவங்க எல்லாம் கேக்குற மொத கேள்வியே இதான்: "வீட்டுலயே பீர் காய்ச்சுற அந்த ஆட்டோமேட்டிக் மெஷின் வந்துச்சா?" வரல. க்ரவுட்ஃபண்டிங்ல, அதாவது பொருள் தயாராகுறதுக்கு முன்னாடியே, நாமெல்லாம் சேர்ந்து காசு போட்டோமே, அதோட டெலிவரி தேதி மறுபடியும் தள்ளிப் போயிருச்சு.

ஆனா இந்த தடவை வந்த அப்டேட் எனக்குப் பிடிச்சிருக்கு. அதுல ஒரு போட்டோ போட்டிருக்காங்க. மெஷினோட மூடி. ஒரு ஓரம் லேசா வளைஞ்சு, ஆவி கசியாம அடைக்குற ரப்பர் வளையத்துக்கும் (கேஸ்கெட்) அதுக்கும் நடுவுல நகம் நுழையுற அளவுக்கு இடைவெளி. அந்த வழியாத்தான் ஆவி வெளிய வருது.

இது சின்ன விஷயம் இல்லைங்க. மால்ட்டை (முளைக்க வெச்சு காயவெச்ச பார்லி) 65லருந்து 68 டிகிரி சூட்டுத் தண்ணியில ஒரு மணி நேரம் ஊறவெச்சாதான் அதுல இருக்குற ஸ்டார்ச் சர்க்கரையா மாறும். அப்புறம் அந்தத் தண்ணிய ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு குடுக்குற பூ) போட்டு இன்னொரு ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். அவ்வளவு நேரமும் அந்த மூடி ஆவியத் தாங்கணும். அடுத்து, சர்க்கரைய ஆல்கஹாலா மாத்துற ஈஸ்ட்டைப் போட்டா அது சாகாத அளவுக்கு வேகமா குளிர வைக்கணும். தண்ணி, கரண்ட், சூடு மூணும் ஒரே டப்பாக்குள்ள.

முதல்ல சாம்பிளுக்குச் செஞ்ச மெஷின்ல இந்த மூடி ஒண்ணொண்ணா வெட்டிச் செஞ்சது, அதனால கச்சிதமா உக்காந்துச்சு. ஆயிரக்கணக்குல செய்யணும்னா ஸ்டீல் மோல்டுல (அச்சு) பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தணும். ஆறும்போது தடிமனான இடம் ஒரு மாதிரி சுருங்கும், மெல்லிசான இடம் வேற மாதிரி சுருங்கும். மூடி வளைஞ்சுரும். மோல்டுல ஸ்டீலை இன்னும் கொஞ்சம் செதுக்கிறலாம், செதுக்கினதைத் திரும்ப ஒட்டுறதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் வாரக்கணக்குல ஆகும். மூடிய மாத்தினா பாதுகாப்புச் சான்றிதழ் டெஸ்ட்டுல சிலதையும் மறுபடி பண்ண வேண்டி வரலாம்.

அதனால தாமதத்துக்கு எனக்குக் கோபம் இல்ல. இதுக்கு முன்னாடி மாசக்கணக்கா "சப்ளை செயின் பிரச்சனை"ன்னு ஒரே வரியில முடிச்சாங்களே, அதுக்குத்தான் கோபம். காசு போட்டவங்களுக்கு எது உடைஞ்சுதுன்னு தெரிஞ்சுக்க உரிமை இருக்கு.

காசே போயிருச்சுன்னு பயப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2015ல பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈத்தன் மாலிக், கிக்ஸ்டார்ட்டர்ங்கிற க்ரவுட்ஃபண்டிங் சைட்ல வந்த ப்ராஜெக்ட்டுகளை ஆராய்ஞ்சு பார்த்தாரு. பொருளைக் குடுக்காமலே போனது சுமார் 9 சதவீதம்தான். நான் ரீஃபண்ட் கேக்கப் போறதில்ல, அந்தக் காசு மோல்டுக்குப் போகட்டும்.

எனக்கு இருக்குற பயம் வேற. பிகோப்ரூன்னு ஒரு பீர் மெஷின் கம்பெனி, ஞாபகம் இருக்கா? 2013லயும் 2015லயும் கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டி மெஷினும் குடுத்தாங்க. 2020ல கம்பெனியே நொடிச்சுப் போச்சு. அவங்க பிகோ மெஷின் ரெசிப்பிய கம்பெனி சர்வர்லருந்துதான் எடுக்கும், அந்த சர்வர் நின்னா மெஷினும் நின்னுரும். கடைசியில, மெஷின் வாங்கினவங்களே ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஓடுற சர்வர் எழுதி மெஷின்களைக் காப்பாத்தினாங்க. அவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு!

அதனால நம்ம கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன். திருத்தின மோல்டுல மூடி செஞ்சு பார்த்தாச்சா, டெஸ்ட் லேபுக்கு மெஷின் போயிருச்சா, நெட் இல்லாமலும் அது ஓடுமான்னு கேட்டிருக்கேன். நீங்களும் காசு போட்டிருந்தா இதையே கேட்டு எழுதுங்க. எனக்குப் பதில் வந்த அன்னைக்கே வீடியோல அப்படியே படிச்சுக் காட்டுறேன்.