பிரேக் பேட் மாத்துன பொறவு கீச்சு சத்தம், எறங்குத பெடல்: மொதல்ல எதப் பாக்கணும்?

அடுத்த கேள்வி அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பிருக்காரு. வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க. "சின்ன கார். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். 45,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. போன வாரம் முன் பேட் ரெண்டு பக்கமும் மாத்தியாச்சு. இப்ப மெதுவா வந்து நிறுத்தும்போது கீச்சுன்னு கத்துது. ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னால போய் பிரேக் மிதிச்சா டக்குன்னு ஒரு தட்டு. பெடல் பாதி வரைக்கும் சொதசொதன்னு எறங்குது, ரெண்டு மிதி மிதிச்சா மேல வந்துருது. பேட்ட கடையில திருப்பிக் கொடுத்துரவா? வர்ற ஞாயித்துக்கெழம குடும்பத்தோட ஆரியங்காவு போறோம்."

தம்பி, பேட்ட திருப்பிக் கொடுக்காதீங்க. மூணு கோளாறு சொல்லிருக்கீங்க, மூணுக்கும் காரணம் வேற வேற. கீச்சு சத்தத்தோட ஒரு மாசம் கூட ஓட்டலாம். சொதசொதன்னு எறங்குத பெடலோட ஆரியங்காவுல இருந்து திரும்பும்போது கோட்டைவாசல்ல இருந்து புளியரைக்கு மலை எறங்கவே கூடாது. அதனால பெடல்ல இருந்து ஆரம்பிப்போம்.

புது பேட் தடிமனா இருக்கும், அத உள்ள விடுததுக்கு, பேட்ட அமுக்குத பிஸ்டன பின்னால தள்ளணும். மாட்டி முடிச்ச ஒடனே மொத மிதி தரை வரைக்கும் போவும், அது கோளாறு இல்ல. அஞ்சாறு மிதில பிஸ்டன் வெளிய வந்து பேட்டத் தொட்டுரும். அதுக்குப் பொறவும் ஒரு வாரமா எறங்குதுன்னா வேற விஷயம். வண்டிய சமமான எடத்துல நிறுத்தி நாலு சோதனை பண்ணுங்க, ஜாக்கி கூட வேண்டாம்.

ஒண்ணு, பானெட்டத் தொறந்து பிரேக் ஆயில் டப்பாவப் பாருங்க. புது பேட் போட்டா லெவல் வழக்கமா ஏறித்தான் இருக்கும். கொறஞ்சிருந்தா எங்கயாவது கசியுதான்னு பாக்காம வண்டிய எடுக்காதீங்க.

ரெண்டு, ஹேண்ட் பிரேக்க ரெண்டு மூணு பல் மட்டும் தூக்கிட்டு பெடல மிதிங்க. பெடல் இப்ப உயரத்துலயே புடிக்குதுன்னா, பின் டிரம்ம உள்ள இருந்து அழுத்துத ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி ஜாஸ்தியாயிருக்கு. தானா அட்ஜஸ்ட் ஆவுத அமைப்பு துருப்புடிச்சு நின்னிருக்கும். பேட் தேஞ்சப்போ இந்த எறக்கம் மெல்ல மெல்ல வந்ததால பழகிருக்கும், இப்ப கவனிச்சுப் பாக்கும்போது தெரியுது. பின் டிரம்மக் கழத்தி, தூசியத் தொடைச்சு, அட்ஜஸ்டரத் திருகி விட்டா தீந்தது. காத்தடிச்சு அந்தத் தூசியக் கெளப்பாதீங்க, நெஞ்சுக்குள்ள போவக் கூடாத தூசி அது.

மூணு, இஞ்சின் ஓடும்போது பெடல ஒரே அழுத்தத்துல அரை நிமிஷம் மிதிச்சுப் புடிங்க. காலுக்கடியில மெதுவா எறங்கிக்கிட்டே போவுதா? வெளிய கசிவும் இல்லையா? அப்ப பெடல மிதிச்சா ஆயிலத் தள்ளுத மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் வாஷர் போயிருக்கு. பழைய வண்டில பேட் மாத்திட்டு மொத மிதியவே தரை வரைக்கும் ஓங்கி மிதிப்பாங்க பாத்தீங்களா, அதுல இது நடக்கும். அந்த வாஷர் வழக்கமா போவாத எடத்துல சிலிண்டர் சுவர்ல அழுக்கும் துருவும் படிஞ்சிருக்கும், அதுல ஒரசி கிழிஞ்சிரும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டைய வச்சுக்கிட்டு அரை மிதியா மிதிச்சா இந்தச் செலவே வராது. ஒண்ணு பாத்துக்கிடுங்க, பெடல மிதிச்சுக்கிட்டே இஞ்சின ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு தடவ லேசா எறங்கும். அது, மிதிக்குப் பலம் கூட்டுத பூஸ்டர் வேல செய்யுதுன்னு அர்த்தம். எறங்கலன்னாதான் பூஸ்டரையும் அதோட வேக்குவம் ஹோஸையும் பாக்கணும்.

நாலு, ரெண்டு மிதில மேல வந்த பொறவும் ஸ்பிரிங் மாதிரி துள்ளுதா? அப்ப லைன்ல காத்து இருக்கு. பேட் மட்டும் மாத்துனா காத்து போவ வழி இல்ல. ஆனா நம்ம பக்கத்துல நெறைய பேரு பிஸ்டனத் தள்ளும்போது, வீல் பக்கத்துல ஆயில் வெளிய விடுத திருகான நிப்பிளத் தொறந்து பழைய ஆயில வெளிய விடுதாங்க. அது நல்ல பழக்கம்தான், அழுக்கு ஆயில் மேல ஏறாது. நிப்பிள மூடுததுக்கு முன்னாடி அமுக்கத்த விட்டுட்டா மட்டும் காத்த இழுத்துரும். கடைக்காரர்ட்ட "நிப்பிளத் தொறந்தீங்களா"ன்னு நேராவே கேளுங்க. தொறந்திருந்தா அந்த ரெண்டு வீல்லயும் ஏர் எடுத்தாப் போதும். ஒருத்தர் பெடல மிதிச்சுப் புடிக்கணும், ஒருத்தர் நிப்பிளத் தொறந்து, ஆயில் வந்ததும் மூடணும், மூடுன பொறவுதான் கால எடுக்கணும். நிப்பிள்ல உள்ள இருக்கது வெளிய தெரியுத டியூப் போட்டு, அதோட மறுமுனை பாட்டில்ல இருக்குத ஆயிலுக்குள்ள முங்கி இருக்கணும். டப்பா காலியாவ விடக் கூடாது. ஏபிஎஸ் வண்டில ஆயில் அமுக்கத்தக் கட்டுப்படுத்துத மாடுலேட்டருக்குள்ள காத்து போயிட்டா ஸ்கேனர் இல்லாம வெளிய எடுக்கது பெரும்பாடு.

நாலுலயும் ஒண்ணும் அம்புடலன்னா, பேட் முதுகுல வர்ற மெல்லிசு தகடான ஷிம்மப் பாருங்க. சத்தம் வரக் கூடாதுன்னு பழைய ஷிம்முக்கு மேல புது ஷிம் வச்சு மாட்டிருப்பாங்க. தகடு தகடா அடுக்குனா பெடல் மெத்துன்னுதான் இருக்கும். ஒரு பேட்டுக்கு அதுக்குன்னு வந்தது மட்டும் போதும்.

இப்ப அந்த டக்கு சத்தம். இந்தா, இது ஒரு பேட். கிட்டக்க பாருங்க, ரெண்டு ஓரத்துலயும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. இந்தக் காது, பேட்டத் தாங்குத பிராக்கெட்டுல உக்காருத எடத்துல மெல்லிசா ஒரு ஸ்டீல் கிளிப் வரணும். அந்தக் கிளிப்பப் போடாம விட்டாலோ, வளைஞ்சதையே திரும்பப் போட்டாலோ, பேட் முன்னயும் பின்னயும் ஆடும். ரிவர்ஸ்ல ஒரு பக்கம் போய் நிக்கும், முன்னால போய் மிதிச்சா மறுபக்கம் போய் இடிக்கும். உங்க தட்டு பெரும்பாலும் இதான். ஆனா வீலக் கழத்துனதும் மொதல்ல, பேட்ட அமுக்குத கவ்வியான கேலிப்பரோட பின் (pin) போல்ட்டுல ஸ்பேனரப் போட்டுப் பாத்துருங்க. அது லூசா இருந்தாலும் இதே சத்தம்தான் வரும், அது கழண்டா கேலிப்பரே எழும்பிரும்.

கழத்துனதுதான் கழத்துனீங்க, அந்த கேலிப்பர் பின்னையும் வெளிய இழுத்துப் பாருங்க. விரலாலயே வழுக்கிக்கிட்டு வரணும். துருப்புடிச்சிருந்தா தொடைச்சு சிலிக்கான் கிரீஸ் லேசாப் போடுங்க. வீல் பேரிங் கிரீஸ் போட்டா ரப்பர் பூட் ஊதிப்போயி பின் இறுகிரும். சில வண்டில ஒரு பின்ல மட்டும் ரப்பர் உறை இருக்கும், எடத்த மாத்திப் போடாதீங்க. உவரி, கூடங்குளம் மாதிரி கடற்கரை ஊர்க்காரங்க இத ரெம்ப கவனிக்கணும். உப்புக் காத்துல பிராக்கெட்டுல துரு ஏறி, கிளிப்ப கீழ இருந்து தூக்கிரும். பேட் காது இறுகி, பேட் டிஸ்க்க விட்டு விலகாது. கம்பி பிரஷ்ஷாலயோ அரத்தாலயோ அந்தத் துருவ எடுத்துட்டுத்தான் புதுக் கிளிப் போடணும். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு எறங்கி, டிஸ்க்கத் தொடாம, ரெண்டு முன் வீல் பக்கத்துலயும் கையக் காட்டிப் பாருங்க. ஒண்ணுல மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு.

கீச்சு சத்தம் எப்ப வருதுன்னு கவனிச்சாலே பாதி தெரிஞ்சுரும். காலைல மொத ரெண்டு மூணு பிரேக்குல மட்டும் வந்தா ராத்திரிப் பனில டிஸ்க்ல படிஞ்ச துரு, விட்டுருங்க. பிரேக் மிதிக்காமலே சர்ருனு ஒரசி, மிதிச்சாலும் மாறலன்னா டிஸ்க்குக்குப் பின்னால இருக்குத தகடு வளைஞ்சு தொடுது, இல்லன்னா நடுவுல ஒரு கல்லு மாட்டிருக்கு. உங்களுக்கு மெதுவா நிறுத்தும்போது வருது. இது பேட் அதிருத சத்தம். பழைய டிஸ்க்ல வரிவரியா தடம் இருக்கும், புது பேட் தட்டையா இருக்கதால மேட்டுல மட்டும்தான் தொடும். ரெண்டும் பொருந்தணும்.

அதுக்கு, ஏர் எடுத்து பெடல் சரியான பொறவு, விடியக்காலைல நாலுவழிச் சாலையில கூட்டம் இல்லாத எடமாப் போங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 15 வரைக்கும் நடுத்தர அழுத்தத்துல கொறைங்க. முழுசா நிறுத்தாதீங்க. முக்கால் கிலோமீட்டர் ஓட்டி ஆற விட்டு, திரும்பவும் கொறைங்க. இப்படி எட்டுல இருந்து பத்து தடவ. முடிச்சதும் பிரேக்கத் தொடாம அஞ்சு கிலோமீட்டர் ஓட்டுங்க. சூட்டோட பெடல மிதிச்சுக்கிட்டு நின்னா பேட் இருக்குத எடத்துல டிஸ்க்ல திட்டு படிஞ்சுரும், பொறவு ஸ்டீயரிங் உதறும். அப்படியும் கீச்சு போவலன்னா பேட்டக் கழத்தி 80 நம்பர் உப்புத்தாள சமமான தரையில விரிச்சு, பளபளப்பு போற அளவுக்கு மட்டும் தேய்ங்க. பேட் முதுகுலயும் காதுலயும் பிரேக் கிரீஸ் ஒரு பூச்சு போதும். டிஸ்க்கத் தொடுத முகத்துல ஒரு சொட்டு பட்டாலும் அந்த பேட் வீண்.

வீல் நட்ட ஏர் கன்னால கண்டமேனிக்கு முடுக்காதீங்க. டிஸ்க் கோணிக்கிட்டு பெடல் துடிக்கும். எதிரெதிரா முடுக்கி, உங்க மேனுவல்ல இருக்குத முடுக்கு அளவுக்கு (டார்க்) வைங்க. சின்ன வண்டிகளுக்கு பெரும்பாலும் 85ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும்.

ஞாயித்துக்கெழம விஷயம். பெடல் ஒரே மிதில கெட்டியா புடிச்சாத்தான் போங்க. லேசா கீச்சு இருந்தா பரவாயில்ல. ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா போறதுக்கு முன்ன மாத்திருங்க, ஈரத்த உறிஞ்சுன ஆயில் மலை எறக்கத்துல கொதிச்சு பெடல் ஒண்ணுமில்லாமப் போயிரும். டாட் 4 ஆயில் புதுசுல கொறஞ்சது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறுனா அந்த வரம்பு 155 டிகிரின்னு ஆயிரும். டாட் 3ன்னா 205, ஈரம் ஏறுனா 140. எது ஊத்தணும்னு டப்பா மூடியிலயே போட்டிருக்கும். எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க.