தலைக்கு ஒரு ஓமர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

எது தேவை, எது ஆசை என்று ஒரு பட்டியல் போட்டுத் தரும்படி சிலர் கேட்பதுண்டு. அப்படி ஒரு பட்டியல் வேதத்தில் கிடையாது. கைபேசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது தேவைதான். ஆனால் கையிலிருப்பது நன்றாக வேலை செய்யும்போதே புது மாடலைப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, கேமராவும் சரியில்லை" என்று குறை சொல்ல ஆரம்பிக்கிறோம். நேற்றுவரை அந்தக் குறை நம் கண்ணில் படவே இல்லை. ஆசை தன்னைத் தேவை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவது இப்படித்தான்.

பட்டியல் தராத வேதம் ஓர் அளவைத் தருகிறது. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவாகிய மன்னா விழுகிறது. தலைக்கு ஒரு ஓமர். இன்றைய கணக்கில் சுமார் இரண்டு லிட்டர் இருக்கும். சிலர் மிகுதியாகச் சேர்த்தார்கள், சிலர் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அளந்து பார்த்தால் அவனுக்கு மீதியும் இல்லை, இவனுக்குக் குறைவும் இல்லை. மோசே சொன்னதைக் கேட்காமல் மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களின் மன்னா பூச்சி பிடித்து நாறிப்போனது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து, ஓய்வுநாளுக்கென்று வைத்தார்களே, அது நாறவில்லை. அதே மன்னா, அதே ஓர் இரவு!

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. எளிமை என்றால் எதையுமே சேர்த்து வைக்கக்கூடாது என்று கலங்குகிறவர்களுக்கு இங்கே ஆறுதல் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கும் முதுமையின் வைத்தியத்துக்கும் எடுத்து வைப்பதை நான் ஆறாம் நாள் மன்னாவாகத்தான் பார்க்கிறேன். நாளைக்குத் தேவன் தருவாரோ மாட்டாரோ என்று பயந்து குவிப்பது வேறு. லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். நிலம் நன்றாக விளைந்தது அவன் குற்றமல்ல. எவ்வளவு போதும் என்ற அளவு அவனிடம் இல்லை. யாருக்காவது கொடுக்கலாம் என்ற யோசனையும் வரவில்லை.

சரி, இந்த அளவு நமக்கு மட்டுமா? எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையிடம் காணிக்கை கேட்கும்போது, பவுல் இந்த மன்னா வசனத்தையே எடுத்துக்காட்டுகிறார். ஒருவரிடம் மிஞ்சுவது இன்னொருவரின் குறைவை நிரப்ப வேண்டும் என்கிறார். ஆகவே "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்ற வசனத்தை, உண்ணவும் உடுக்கவும் இல்லாதவரிடம் போய்ப் பிரசங்கிக்காதீர்கள். பசித்தவனைப் பார்த்து "பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதை யாக்கோபு கடுமையாகக் கண்டிக்கிறார். போதுமென்ற மனம் வசதியுள்ளவர்களிடம்தான் முதலில் எதிர்பார்க்கப்படுகிறது.

இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டிலிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறார். அது வெஸ்லியேதான் என்பது பலருடைய கருத்து. அவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுன். 28-ல் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. அப்போதும் 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90 வந்தபோது 62, நான்காம் ஆண்டு 120 வந்தபோது 92. வருமானம் நான்கு மடங்கான பிறகும் அந்த 28 அசையவில்லை.

நம்மில் எல்லாருக்கும் அப்படியே முடியாது. குடும்பம் பெருகும், வாடகை ஏறும், விலைவாசி நிற்காது. ஆனால் பணம் வருவதற்கு முன்பே அளவைத் தீர்மானிக்கலாமே. இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நம் வீட்டு ஓமர் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது மீதி யாருக்குப் போக வேண்டும் என்று அதே தாளில் ஒரு பெயரையும் எழுதி வையுங்கள்.